வார இறுதி வேலை: மேட்டுப்பாளையம் லேஅவுட், யார்டு முகப்பின் பாயிண்ட்களும் வயரிங்கும்

நீலகிரி_பேசஞ்சர் (வெள்ளி, இரவு 9:40)

வணக்கம். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனை 1:87 அளவில் மாடல் ரயில் லேஅவுட்டாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரே பலகையில் பிராட்கேஜும் மீட்டர்கேஜும். பலகை 8 அடிக்கு 2 அடி, 12 மி.மீ. பிளைவுட், அடியில் ரீப்பர் கட்டை ஃபிரேம். பிராட்கேஜுக்கு 16.5 மி.மீ. ட்ராக், கோட் 100 (ரெயிலின் உயர அளவு). மலை ரயில் பக்கத்துக்கு 12 மி.மீ. ட்ராக், கோட் 75. மெயினுக்கு 5 மி.மீ. கார்க், சைடிங்குக்கு 3 மி.மீ. கார்க் ஒட்டியாயிற்று. கன்ட்ரோல் டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு), 3 ஆம்பியர்.

இந்தச் சனி ஞாயிறில் செய்ய நினைத்திருப்பது: மீட்டர்கேஜ் யார்டு முகப்பில் வண்டியைப் பாதை மாற்றும் மூன்று பாயிண்ட்களைப் பதிப்பது (பெக்கோ எலெக்ட்ரோஃப்ராக்), டிராப்பர் வயர் (ரெயிலுக்கு மின்சாரம் கொண்டுவரும் சிறு வயர்) எல்லாம் இழுப்பது, பாயிண்டை நகர்த்தும் சர்வோ மோட்டார் மாட்டுவது, ஞாயிறு மாலைக்குள் ஜல்லி கொட்டி ஒட்டிவிடுவது. எந்த வரிசையில் போனால் பிரித்துப் பிரித்துச் செய்ய வேண்டி வராது?

பாயிண்ட்ஸ்மேன் (வெள்ளி, இரவு 10:25)

ஜல்லியை இந்த வாரக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள் சார். ஃபெவிகால் காய்ந்த பிறகு ஒரு பாயிண்டைக் கழற்ற வேண்டுமென்றால் ஸ்லீப்பர் பாதி கையோடு வந்துவிடும். வண்டி ஒரு வாரமாவது இரு திசையிலும் தடம் புரளாமல் ஓடட்டும், அப்புறம் ஜல்லி.

பாயிண்டைப் பலகையில் வைப்பதற்கு முன்னால் மேசையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரோஃப்ராக் பெட்டியிலிருந்து வரும்போது பிளேடு (நகரும் ரெயில்) இரண்டும் ஃப்ராக்கோடு (இரு பாதையின் உள் ரெயில்கள் சேரும் முனை) சேர்ந்தே மின்சாரம் வாங்கும். அதாவது திறந்திருக்கும் பிளேடும் அதன் பக்கத்து ஸ்டாக் ரெயிலும் (நகராத வெளி ரெயில்) எதிரெதிர் போலாரிட்டி. சக்கரத்தின் உள்முதுகு போகிற போக்கில் திறந்த பிளேடை உரசினால் அந்த நொடியே ஷார்ட். பழைய டிசி கன்ட்ரோலரில் எஞ்சின் லேசாகக் குலுங்கிவிட்டுப் போகும். டிசிசியில் ட்ராக்குக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் மொத்த லேஅவுட்டையும் நிறுத்திவிடும்.

மாற்றும் முறை இதுதான். பாயிண்டைக் கவிழ்த்துப் பாருங்கள். ஃப்ராக்குக்கு முன்னால் இரண்டு மெல்லிய இணைப்புக் கம்பிகள் தெரியும். அந்த இரண்டையும் வெட்டி எடுங்கள். அடியில் ஸ்லீப்பர் இணைப்பு விட்டிருக்கும் இடைவெளியில் ஸ்டாக் ரெயிலையும் அதே பக்கத்து உள் ரெயிலையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பற்றவையுங்கள், இரண்டு பக்கமும். இப்போது பிளேடுகள் அந்தந்த ஸ்டாக் ரெயிலின் போலாரிட்டியில் நிற்கும். ஃப்ராக் மட்டும் தனியாகிவிடும். ஃப்ராக்கிலிருந்து வரும் வயரை ஸ்விட்ச்சுக்குக் கொண்டுபோங்கள். ஃப்ராக்குக்குப் பின்னால் உள்ள இரண்டு உள் ரெயிலுக்கும் பிளாஸ்டிக் ஜாயினர் (மின்சாரம் கடத்தாத ரெயில் இணைப்பு) கட்டாயம். அதில் ஒன்று விட்டுப்போனாலும் எதிர்ப் பாதைக்குப் பாயிண்டை மாற்றியவுடன் ஷார்ட் அடிக்கும்.

மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து ஃப்ராக்குக்கும் நான்கு ரெயிலுக்கும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்றோடும் சத்தம் வரக்கூடாது. அதற்குப் பிறகுதான் பலகைக்குப் போக வேண்டும்.

கேபின்மேன் (வெள்ளி, இரவு 11:05)

பாயிண்ட்ஸ்மேன் சார் சொன்னதுதான் சரி. டிராப்பர் பத்தி மட்டும் நான் சொல்றேன்.

ஜாயினரை ட்ராக் துண்டுகளை நேரா பிடிச்சு வைக்கத்தான் நம்பணும், கரண்ட்டுக்கு நம்பக்கூடாது. புதுசா இருக்கும்போது நல்லா ஓடும். ஒரு மழைக்காலம் போனா உள்ளே ஆக்சைடு பிடிக்கும், பெயின்ட்டும் ஜல்லிப் பசையும் இறங்கும், கடைசி சைடிங்ல எஞ்சின் நின்னு நின்னு போகும். அதனால ஒவ்வொரு ஃப்ளெக்ஸ் (வளைக்கக்கூடிய ட்ராக்) துண்டுக்கும் தனி டிராப்பர் ஜோடி. அது 10 செ.மீ. துண்டா இருந்தாலும் சரி.

பஸ் வயர் (டிராப்பர் எல்லாம் வந்து சேர்ற மெயின் வயர்) 1.5 சதுர மி.மீ. உங்க 8 அடிக்குத் தாராளம். பின்னாடி லேஅவுட் நீண்டு 5 மீட்டர் தாண்டினா 2.5 போடுங்க. டிராப்பருக்கு 0.5 போதும், ஆனா நீளம் ஒரு அடிக்குள்ளே முடியணும். நிறம் முக்கியம்: சுவர்ப்பக்க ரெயில் சிவப்பு, உங்க பக்க ரெயில் கருப்பு, ஃப்ராக் பச்சை. முழு லேஅவுட்டுக்கும் இதையே வச்சுக்கோங்க. மீட்டர்கேஜுக்கும் பிராட்கேஜுக்கும் தனித்தனி பஸ் இழுத்து, நடுவுல ஒரு ஸ்விட்ச் வச்சா ஷார்ட் எந்தப் பக்கம்னு உடனே பிரிச்சுப் பார்க்கலாம்.

ரெயில்ல பத்தவைக்கிறது இப்படி:

ரெயிலோட வெளிப்பக்க இடுப்புல, இரண்டு ஸ்லீப்பருக்கு நடுவுல, ஊசி அரத்தால நாலு தேய். உலோகம் பளிச்சுன்னு தெரியணும். பக்கத்துல 2 மி.மீ. துளை. வயர் நுனியை 5 மி.மீ. உரிச்சு, முறுக்கி, ஈயம் பூசி, எல் மாதிரி மடிச்சு 3 மி.மீ. கால் மட்டும் விடுங்க. ரெயில்லயும் துளி ரோசின் ஃப்ளக்ஸ் வச்சு மெல்லிசா ஈயம் பூசணும். இப்போ கீழேயிருந்து வயரை ஏத்தி, காலை ரெயில் இடுப்புல அழுத்திப் பிடிச்சு, சூடான நுனியை வையுங்க. இரண்டு பக்கத்து ஈயமும் உருகி ஒண்ணு சேர்றது கண்ணுக்குத் தெரியும். உடனே எடுத்துடணும், வயரை மட்டும் மூணு எண்ணும் வரை அசைக்கக்கூடாது. அசைஞ்சா மேற்பரப்பு மங்கலா, பொரிபொரியா உறையும். அது பிடிச்ச மாதிரி இருக்கும், ஒரு வருஷத்துல விட்டுடும்.

எல்லாரும் ஸ்லீப்பர் உருகிடும்னு பயந்து 25 வாட் அயர்னை எடுப்பாங்க. நடக்கிறது நேரெதிர். சின்ன அயர்னால ரெயில் மெதுவா சூடேறும், அந்த நேரத்துக்குள்ளே சூடு இரண்டு பக்கமும் பரவி அஞ்சாறு ஸ்லீப்பர் இளகிடும். 60 வாட், உளி மாதிரி தட்டையான நுனி, இரண்டு நொடி. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நனைச்ச டிஷ்யூ வச்சா இன்னும் நல்லது. ஆசிட் ஃப்ளக்ஸ் கிட்டயே வரக்கூடாது, டிராப்பர் பச்சை பூத்து உள்ளுக்குள்ளேயே அரிச்சுப் போயிடும்.

ஒவ்வொரு ஜோடி முடிஞ்சதும் டிசிசியை ஆன் பண்ணி 5 ரூபாய் நாணயத்தை இரண்டு ரெயிலுக்கும் குறுக்கே ஒரு நொடி வையுங்க. பூஸ்டர் உடனே டிரிப் ஆகணும். ஆகலேன்னா அந்த இடத்துல வயரிங் மெலிசு, அல்லது பத்தவைப்பு சரியில்லை. எஞ்சின் ஓடுதே, போதும்னு விடக்கூடாது. நிஜமா ஷார்ட் ஆகிற அன்னிக்கு பூஸ்டர் நிக்காம 3 ஆம்பியரையும் அந்தப் பெட்டியோட சக்கரத்துல கொட்டும், பிளாஸ்டிக் உருகும்.

நீலகிரி_பேசஞ்சர் (சனி, காலை 7:15)

மிக்க நன்றி. ஜல்லியை ஒத்திவைத்துவிட்டேன். டிராப்பரை பஸ்ஸில் சேர்க்க பலகைக்கு அடியில் படுத்துப் பற்றவைக்க வேண்டுமா? வேறு வழி இருக்கிறதா?

கேபின்மேன் (சனி, காலை 7:50)

2 அடி அகலப் பலகைதானே, முன்விளிம்பு கீழே வர்ற மாதிரி பக்கவாட்டுல நிமிர்த்தி வச்சு செய்யுங்க. அண்ணாந்து பத்தவைச்சா உருகின ஈயம் முகத்துல விழும். நிமிர்த்த முடியாத லேஅவுட்டா இருந்தா, ஒவ்வொரு இரண்டு அடிக்கும் ஒரு கனெக்டர் ஸ்ட்ரிப் அடிச்சு ஸ்க்ரூல முடுக்கிடலாம். மல்டி ஸ்ட்ராண்ட் வயரை ஸ்ட்ரிப்புல விடறப்போ நுனியில ஈயம் பூசாதீங்க, முறுக்கி மட்டும் விடுங்க. ஈயம் அழுத்தத்துல நாளடைவில தளரும், ஸ்க்ரூ லூஸ் ஆகும்.

பல்சக்கரம் (சனி, காலை 8:30)

சர்வோ பற்றி. எஸ்ஜி90 போதுமானது, ஆனால் துளையை இப்போதே போட வேண்டும். டை பார் (இரண்டு பிளேடையும் இணைக்கும் குறுக்குப் பட்டை) நடுவில் வரும் இடத்தைப் பென்சிலால் குறித்து, பாயிண்டை எடுத்துவிட்டு 10 மி.மீ. துளை. பிளைவுட்டின் மேல் விளிம்பைச் சற்றுச் சரித்துவிட்டால் கம்பி இடிக்காது.

பெக்கோ பாயிண்டில் பிளேடை இரு பக்கமும் தட்டிப் பிடிக்கும் ஸ்பிரிங் இருக்கும். சர்வோ வைத்தால் அதைக் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் சர்வோ ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். கம்பி 0.8 மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல். பிளேடு நகர வேண்டியது 2–3 மி.மீ. தான். கம்பி அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைந்து அழுத்தும்படி கோணத்தை அமையுங்கள், அந்த வளைவுதான் பிளேடை ஸ்டாக் ரெயிலோடு இறுக்கிப் பிடிக்கும்.

ஃப்ராக் போலாரிட்டிக்கு மைக்ரோ ஸ்விட்ச்சை சர்வோ கையிலேயே தட்டவிடலாம். ஸ்விட்ச் மாறுவது பாதி வழியில் இருக்க வேண்டும், இரண்டு பிளேடும் ஸ்டாக் ரெயிலைத் தொடாத தருணத்தில்.

மின்சாரம்: சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. ஆர்டுயினோ போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து மூன்று சர்வோவை இழுத்தால் போர்டு ரீசெட் ஆகி, எல்லாப் பாயிண்டும் ஒரே நேரத்தில் துடிக்கும். இரண்டு சப்ளையின் கிரவுண்டையும் சேர்க்க மறக்க வேண்டாம்.

செங்கோட்டை_லைன் (சனி, பகல் 11:20)

வயரிங் பேச்சின் நடுவே ஒன்று. ட்ராக் இன்னும் முழுக்கப் பதியவில்லை என்பதால் இப்போதே சொல்வது நல்லது.

மேட்டுப்பாளையத்தின் அழகே இரண்டு கேஜும் அருகருகே நிற்பதுதான். நிஜத்தில் 1676-ம் 1000-மும், அதாவது ஒன்றுக்கு ஒன்று 1.68 மடங்கு. 1:87-ல் பிராட்கேஜ் 19.3 மி.மீ. வர வேண்டும், நாம் வைப்பது 16.5. மீட்டர்கேஜ் 11.5 வர வேண்டும், வைப்பது 12. மாடலில் விகிதம் 1.375-ஆகச் சுருங்கிவிடுகிறது. பார்ப்பவருக்கு அகல வேறுபாடு உறைக்காது.

கேஜை மாற்ற முடியாது, ஆனால் ஸ்லீப்பரிலும் ஜல்லியிலும் கண்ணுக்கு ஈடு கொடுக்கலாம். பிராட்கேஜ் ஸ்லீப்பர் நிஜத்தில் 2750 மி.மீ., மாடலில் 31.6. மீட்டர்கேஜின் மர ஸ்லீப்பர் 1800 மி.மீ., மாடலில் 20.7. பிராட்கேஜ் பக்கம் ஜல்லித் தோளை 5 மி.மீ. அகலமாக, கூர்மையான விளிம்போடு விடுங்கள். மலை ரயில் பக்கம் தோளைக் குறுக்கி, யார்டில் மண்ணும் சாம்பலும் கலந்து ஸ்லீப்பர் மட்டம் வரை நிரப்புங்கள். பிராட்கேஜ் மெயினுக்கு 5 மி.மீ., சைடிங்குக்கு 3 மி.மீ. என்று கார்க்கைப் பிரித்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் மீட்டர்கேஜ் முழுவதற்குமே 3 மி.மீ. போதும்.

பிளாட்ஃபார்ம் விளிம்பும் இப்போதே கணக்குப் போட வேண்டியது. பிராட்கேஜில் ட்ராக் மையத்திலிருந்து பிளாட்ஃபார்ம் விளிம்பு 1670–1680 மி.மீ., மாடலில் 19.2. ஐசிஎஃப் பெட்டியின் அகலம் 3245, பாதி மாடலில் 18.6. மிச்சம் 0.6 மி.மீ. தான். நம் சக்கரங்களின் ஆட்டத்துக்கு அது காணாது, நேர் ட்ராக்கில் 21 மி.மீ. வையுங்கள். வளைவில் பிளாட்ஃபார்ம் வந்தால் இன்னும் கூட்ட வேண்டும். ஐசிஎஃப் போகி மையங்களுக்கு இடையே 14.783 மீட்டர், மாடலில் 170 மி.மீ. வளைவின் உள்பக்கம் பெட்டியின் நடு எவ்வளவு உள்ளே தள்ளும் என்பதற்கு 170-ஐ 170-ஆல் பெருக்கி, ரேடியஸின் எட்டு மடங்கால் வகுத்தால் போதும். 914 ரேடியஸில் 4 மி.மீ., 610 ரேடியஸில் 6 மி.மீ. வரும்.

போத்தனூர்_ஜங்ஷன் (சனி, பகல் 12:10)

சரியான நேரத்தில் சொன்னீர்கள். வளைவின் வெளிப்பக்கம் பிளாட்ஃபார்ம் இருந்தால் பெட்டியின் நடு அல்ல, முனைகள்தான் இடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கோடு நிறுத்தாமல், லேஅவுட்டிலேயே மிக நீளமான பெட்டியின் பக்கத்தில் பென்சிலைக் கட்டி ஓட்டினால் காகிதத்தில் கோடே விழுந்துவிடும்.

நீலகிரி_பேசஞ்சர் (ஞாயிறு, மாலை 4:30)

மூன்று பாயிண்டும் உட்கார்ந்துவிட்டன. மீட்டர்கேஜ் பக்கம் டிராப்பர் எல்லாம் முடிந்தது, நாணயச் சோதனையில் எல்லா இடத்திலும் டிரிப் ஆகிறது. சர்வோ இரண்டு மாட்டியாயிற்று, ஒன்று பாக்கி.

ஒரு சிக்கல். நடுப் பாயிண்டில், எஞ்சின் பெட்டிகளை இழுத்துப் போனால் எதுவும் ஆவதில்லை. தள்ளிக்கொண்டு போனால் முதல் பெட்டியின் முன் சக்கரம் பிளேடு நுனியில் ஏறிவிடுகிறது. நேர் பாதையில் மட்டும்தான், பக்கப் பாதையில் இல்லை. சக்கர இடைவெளி கேஜில் சரியாக இருக்கிறது.

பாயிண்ட்ஸ்மேன் (ஞாயிறு, மாலை 5:05)

தள்ளிப் பார்த்தது மிக நல்லது. உங்கள் லைனுக்கு அதுதான் உண்மையான சோதனை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின் எப்போதும் இறக்கப் பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டுதான் போகும். கல்லாறு தாண்டினால் பல்சக்கரப் பாதை, அதிகபட்சம் 12.28-க்கு 1 ஏற்றம். அந்த வழக்கத்தை மாடலிலும் காட்ட வேண்டுமென்றால் உங்கள் யார்டில் வண்டி தினமும் தள்ளுப்பட்டே கிளம்பும். இழுக்கும்போது கப்ளிங் விறைத்துப் பெட்டியை நேராக்கிவிடும், தள்ளும்போது ஒவ்வொரு போகியும் பக்கவாட்டில் சாயும். ட்ராக்கின் குறை அப்போதுதான் வெளியே வரும்.

நேர் பாதையில் மட்டும் ஏறுகிறது என்றால் அந்தப் பக்கத்து பிளேடு முழுசாக மூடவில்லை, அல்லது பாயிண்ட் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. முதலில் சிகரெட் அட்டை அளவு தடிமனுள்ள காகிதத்தை மூடிய பிளேடுக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். நுழைந்தால் சர்வோ கோணத்தை ஓரிரு டிகிரி கூட்ட வேண்டும். நுழையவில்லை என்றால் 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி ரெயில் தலையின் மேல் நீளவாக்கில் வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறது?

நீலகிரி_பேசஞ்சர் (ஞாயிறு, மாலை 5:40)

காகிதம் நுழையவில்லை. ஸ்கேல் வைத்தால் பிளேடுக்குச் சற்றுப் பின்னால் மேடாக இருக்கிறது, நுனிப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. ஒரு ரெயிலில் மட்டும்.

பாயிண்ட்ஸ்மேன் (ஞாயிறு, மாலை 5:55)

அடியில் போட்ட இணைப்புக் கம்பிதான். ஈயம் உருண்டையாக உறைந்து ஸ்லீப்பர் மட்டத்துக்குக் கீழே நிற்கும். கார்க் அதைக் கொஞ்சம் விழுங்கும், மிச்சம் ரெயிலைத் தூக்கிவிடும். அரை மி.மீ. மேடு போதும், அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் பாரம் குறைந்து ஃப்ளாஞ்ச் (சக்கரத்தின் உள்விளிம்பு) பிளேடு நுனியில் ஏறிவிடும்.

பாயிண்டை எடுங்கள், ட்ராக் பின் (சிறு ஆணி) தானே அடித்திருக்கிறீர்கள். ஈய உருண்டையைத் தட்டையாக அரமிட்டு, அந்த இடத்தில் கார்க்கை 4 மி.மீ. அகலத்துக்குக் கீறி எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். மற்ற இரண்டு பாயிண்டிலும் இதே பள்ளத்தைப் போட்டுவிடுவது நல்லது. திரும்ப அடிக்கும்போது பின்னை முழுக்க அறைய வேண்டாம். தலை ஸ்லீப்பரை அழுத்தினால் ஸ்லீப்பர் நடுவில் குழிந்து கேஜ் குறுகிவிடும். பின் தலைக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளி இருக்கட்டும்.

நீலகிரி_பேசஞ்சர் (ஞாயிறு, இரவு 8:10)

பள்ளம் போட்டு வைத்ததும் சரியாகிவிட்டது. வேகமாகத் தள்ளினாலும் ஏறவில்லை. நன்றி சார்.

அடுத்த வாரங்களில் ஜல்லிக்கு வரும்போது எம்-சாண்ட் சலித்துப் போடலாமா? இன்னொன்று, மாடி அறை, ஏசி கிடையாது. ரெயில்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

போத்தனூர்_ஜங்ஷன் (ஞாயிறு, இரவு 8:50)

எம்-சாண்ட் போடலாம். டீ வடிகட்டியில் இரண்டு முறை சலியுங்கள். தூசியும் வேண்டாம், 1 மி.மீ. தாண்டினதும் வேண்டாம். நிஜ ஜல்லி 50 மி.மீ. என்றால் 1:87-ல் 0.6 மி.மீ. சலித்ததைத் தட்டில் பரப்பி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேலே ஓட்டுங்கள். கருப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் போட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் ஒவ்வொரு துகளாக உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆற்று மணலில் இது இன்னும் அதிகம்.

ஜல்லிக்கு முன்பே ரெயில் இடுப்புக்குத் துருநிறம் அடித்து, தலையைத் துடைத்துவிடுங்கள். பிறகு அடித்தால் ஜல்லியெல்லாம் துருவாகும். உலர்ந்த ஜல்லியைக் கரண்டியால் நடுவிலும் தோளிலும் கொட்டி, தட்டையான பிரஷால் பரப்பி, பிரஷ் காம்பால் ரெயிலைத் தட்டினால் ஸ்லீப்பர் மேல் நிற்பது இறங்கிவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை ஸ்ப்ரேயில் பனி மாதிரி அடித்து முழுக்க நனையுங்கள். நனையாத ஜல்லியில் பசை உருண்டு நின்று குழி பறிக்கும், எல்லோருக்கும் பிரச்சினை வருவது இந்த இடத்தில்தான். பிறகு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. சிரிஞ்சை ஸ்லீப்பருக்கு ஒட்டினாற்போல் வைத்து மெதுவாக விடுங்கள், உயரத்திலிருந்து சொட்டக்கூடாது.

பாயிண்டில் டை பாரிலிருந்து இரண்டு ஸ்லீப்பர் தூரத்துக்குப் பசையே வேண்டாம். அங்கே ஜல்லி நிறத்தில் கார்க்கைப் பெயின்ட் பண்ணி, நாலு கல் ஒட்டினால் போதும்.

கேபின்மேன் (ஞாயிறு, இரவு 9:30)

இடைவெளிக்குக் கணக்கு இருக்கு. நிக்கல் சில்வர் ரெயில் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.017 மி.மீ. நீளும். 3 மீட்டர் ரெயில், 15 டிகிரி வித்தியாசம்னா முக்கால் மி.மீ. அது மொத்தமும் ஒரே இடத்துல வந்தா ட்ராக் பக்கவாட்டுல பிதுங்கும். ஒவ்வொரு ஃப்ளெக்ஸ் ஜாயின்ட்லயும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுட்டா தெரியவே தெரியாது. இதோட மரமும் சேர்ந்துக்கும். மழைக்காலத்துல ஊறும், ஏப்ரல்ல காய்ஞ்சு சுருங்கும், ரெயில் அப்படியே இருக்கும்.

இப்போ மழை ஓய்ஞ்ச குளிர்ல பதிக்கிறீங்கன்னா ஒரு ஜாயின்ட்டுக்கு அரை மி.மீ. விடுங்க, விசிட்டிங் கார்டு இரண்டை சேர்த்து நடுவுல வச்சா அளவு சரியா வரும். மே மாசம் மத்தியானம் பதிச்சா ஒட்டியே வைக்கலாம். வளைவுல வர்ற ஜாயின்ட்டை மட்டும் பத்தவையுங்க, இல்லேன்னா அங்கே முனை உடைஞ்ச மாதிரி நிக்கும். நேர் ட்ராக்குல எதையும் பத்தவைக்காதீங்க, இரண்டு பக்கமும் டிராப்பர் இருக்கே. பலகையோட அடிப்பக்கத்துக்கும் வெட்டு விளிம்புக்கும் இரண்டு கோட் வார்னிஷ் அடிச்சுடுங்க, பிளைவுட் ஈரம் குடிக்கிறது அங்கேதான். அதை வயரிங் முழுசா கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடியே செஞ்சுடுங்க, மூணாவது சர்வோ மாட்டப் பலகையை நிமிர்த்தும்போதே முடிச்சிடலாம்.

நீலகிரி_பேசஞ்சர் (ஞாயிறு, இரவு 9:45)

சரிங்க. அப்போ அடுத்த சனிக்கிழமை வார்னிஷும் மூன்றாவது சர்வோவும். பிராட்கேஜ் பிளாட்ஃபார்மை 21 மி.மீ. வைத்து அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.